பழைய ஆண்ட்ராய்டு போனில் புதிய கஸ்டம் ரோம்: எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பிழையைத் தேடுங்கள்

புதிய ஆண்ட்ராய்டைப் பழைய போனில் ஓடும்படி மாற்றி (போர்ட் செய்து) கஸ்டம் ரோம், அதாவது நிறுவனம் தராத இயங்குதளத் தொகுப்பு, உருவாக்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பூட் ஆகவில்லை, என்ன செய்வது?" பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: எதுவரை வந்து நின்றது? நிறுவனச் சின்னத்தில் நின்ற போனுக்கும், பூட் அனிமேஷனில் சுழலும் போனுக்கும், எல்லாம் ஓடியும் சிம் மட்டும் தெரியாத போனுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது தெரியாமல் கிடைத்த ஜிப் கோப்பையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஃபிளாஷ் செய்வதால்தான் (போன் நினைவகத்தில் எழுதுவதால்தான்) சரிசெய்யக்கூடிய போன்கள் பல வீணாகின்றன.

இந்த உழைப்புக்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகள் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் இன்றைய மூலச் சான்றிதழை அறியாதவை. அவற்றுக்காக நீட்டிக்கப்பட்டிருந்த பழைய சான்றிதழ் ஏற்பாடு 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. திரையும் போர்டும் நன்றாக இருக்கும் போனில் இணையதளங்கள் திறக்க மறுக்கின்றன என்பதற்காக அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை.

எடுத்துக்காட்டாக நான் மனத்தில் வைத்திருப்பது 2017 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ரெட்மி நோட் 4. ஸ்னாப்டிராகன் 625 சில்லு, ஆண்ட்ராய்டு 6, லினக்ஸ் 3.18 கெர்னல் (வன்பொருளை இயக்கும் மைய மென்பொருள்). அதே சில்லுள்ள மோட்டோ ஜி5 பிளஸுக்கும், அந்தக் காலத்து மற்ற குவால்காம் போன்களுக்கும் இங்கே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும். மீடியாடெக், சாம்சங் போன்களில் வழி மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு வேலைகள்

முதலாவது, மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் ஆகிய நான்கு பார்ட்டிஷன்களையும் (நினைவகப் பிரிவுகளையும்) அப்படியே நகலெடுத்துக் கணினியில் வையுங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் முதல் மூன்றில் இருக்கின்றன. சென்சார், வைஃபை அளவீடுகள் பெர்சிஸ்டில் இருக்கின்றன. மீடியாடெக்கில் இதற்கு ஈடானது என்விரேம், சாம்சங்கில் ஈஎஃப்எஸ். நகலைப் போனிலேயே வைப்பது நகல் எடுக்காததற்குச் சமம்.

இரண்டாவது, நிறுவனத்தின் அசல் ரோமில் கேமரா, மைக், வைஃபை, கைரேகை, இரண்டு சிம் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்து எழுதி வையுங்கள். முன்பே செத்துப்போன கேமராவுக்காகப் பிறகு பல இரவுகள் நிரலைத் திருத்த வேண்டிய நிலை வராது.

லாக் எடுக்காமல் எதையும் மாற்றாதீர்கள்

கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவானது இது: முதலில் லாக் (போன் தன் செயல்களைப் பதியும் குறிப்பு) எடுங்கள். கெர்னல் இடையில் செத்தால் அதன் கடைசிச் செய்திகள் ரேமின் ஒரு மூலையில் தங்கியிருக்கும். ரிகவரிக்குள் (ரோமை ஏற்றவும் சரிசெய்யவும் உதவும் தனி நிலைக்குள்) போனதும் பழைய கெர்னல்களில் பிராக் கோப்புறையில் உள்ள லாஸ்ட்-கேஎம்எஸ்ஜி கோப்பையும், சற்றுப் புதியவற்றில் பிஸ்டோர் கோப்புறையில் உள்ள கன்சோல்-ராம்ஊப்ஸ் கோப்பையும் எடுங்கள். பேட்டரியைக் கழற்றினாலோ போன் முழுதாக அணைந்தாலோ இது அழிந்துவிடும். ஆகவே போன் தொங்கிய நிலையிலிருந்து பட்டன்களை அழுத்தி நேராக ரிகவரிக்கே செல்ல வேண்டும். இரண்டு கோப்புகளுமே இல்லை என்றால் கெர்னல் கட்டமைப்பில் பிஸ்டோர் வசதியை இயக்கி, கெர்னலை மீண்டும் தொகுத்துவிட்டு வாருங்கள். அந்த அரை மணி நேரம் பிறகு பல நாட்களை மிச்சப்படுத்தும்.

பூட் அனிமேஷன் வரை வந்துவிட்டால் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவி) வழியாக ஆண்ட்ராய்டின் லாக்கான லாக்கேட்டை எடுக்கலாம். திரையில் "அனுமதி" பொத்தான் வராத நிலையில் ஏடிபி உங்கள் கணினியை ஏற்காது. அதனால் சோதனைக் காலத்தில் மட்டும் யூசர்டீபக் வகையாக (பிழை தேடுவதற்கான வகையாக) ரோமைத் தொகுத்து, ஏடிபி பாதுகாப்புப் பண்பை 0 என்றும் டீபக் பண்பை 1 என்றும் வையுங்கள். வெளியிடும் பதிப்பில் இதை மறக்காமல் மாற்ற வேண்டும்.

அறிகுறி 1: ரிகவரியிலேயே ஃபிளாஷ் ஆக மறுக்கிறது

*பிழை 7 வந்தால்*

எளிய காரணம் முதலில்: ரிகவரி பழையது. புதிய ரோமுக்கு ஏற்ற ரிகவரியை ஏற்றி மீண்டும் முயலுங்கள். அடுத்து, ஜிப் கோப்பு உங்கள் போனின் குறியீட்டுப் பெயருக்கு உரியதுதானா என்று பாருங்கள். ரெட்மி நோட் 4 என்ற பெயரிலேயே மீடியாடெக் சில்லோடு வேறொரு போனும் விற்கப்பட்டது. ஸ்னாப்டிராகன் போனின் குறியீட்டுப் பெயர் மிடோ. வணிகப் பெயரை நம்பி இறக்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது காரணம், நீங்களே போர்ட் செய்த ஜிப்பில் மூலப் போனின் (ரோம் முதலில் எழுதப்பட்ட போனின்) பெயர் அப்டேட்டர் ஸ்கிரிப்டில், அதாவது ஃபிளாஷ் செய்யும் கட்டளைக் கோப்பில், மிச்சமிருப்பது. "போன் பெயரைப் பார்க்கும் சோதனை வரியை நீக்கிவிடு, ஃபிளாஷ் ஆகும்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நீக்கினால் ஃபிளாஷ் ஆகும்தான். ஆனால் அதே ஸ்கிரிப்டில் பார்ட்டிஷன் முகவரிகளும் மூலப் போனுக்குரியவையாகவே இருந்தால், சிஸ்டம் இமேஜ் உங்கள் போனின் மோடம் மீதோ பூட்லோடர் (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) மீதோ எழுதப்பட்டுவிடும். கடைசி அறிகுறியில் வரும் "எந்த அசைவும் இல்லாத" போன்களில் பல இப்படி உண்டானவை. எண்ணிட்ட முகவரி ஒன்று இருந்தாலும் அதை உங்கள் போனின் பை-நேம் (பார்ட்டிஷன் பெயர்) பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே சோதனை வரியில் கை வையுங்கள்.

*பிழை 70 வந்தால்*

கூகுள் செயலித் தொகுப்புக்கு சிஸ்டம் பார்ட்டிஷனில் இடமில்லை. தொகுப்பின் மிகச் சிறிய வகையை எடுங்கள். 1 ஜிபி மட்டுமே சிஸ்டம் பார்ட்டிஷன் உள்ள நெக்ஸஸ் 5 போன்ற போன்களில் அதுவும் சில நேரம் நுழையாது. அப்போது கூகுள் செயலிகள் இல்லாமலே ஓட்டலாம். பார்ட்டிஷன் அளவையே மாற்றுவது கடைசி வழி; அசல் நிலைக்குத் திரும்பும் முறை கையில் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம்.

தொகுப்பை ஏற்ற வேண்டியது ரோமை ஏற்றிய உடனேயே, முதல் பூட்டுக்கு முன். ஒருமுறை பூட் ஆன பிறகு ஏற்றினால் அமைப்பு வழிகாட்டி அடுத்தடுத்து நொறுங்கும்.

அறிகுறி 2: நிறுவனச் சின்னத்திலேயே நிற்கிறது, அல்லது ஃபாஸ்ட்பூட்டுக்கே திரும்புகிறது

ஆண்ட்ராய்டு இன்னும் எட்டிக்கூடப் பார்க்காத கட்டம் இது. பிழை கெர்னலிலோ பூட் இமேஜிலோ (கெர்னலையும் தொடக்கக் கோப்புகளையும் கொண்ட கோப்பிலோ) இருக்கிறது. சிஸ்டம் கோப்புகளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சின்னம் வந்து ஓரிரு நொடிகளில் ஃபாஸ்ட்பூட்டுக்கு (கணினியிலிருந்து பார்ட்டிஷன்களை எழுதும் நிலைக்கு) போனால் பூட்லோடர் இமேஜையே ஏற்கவில்லை என்று பொருள். அசல் பூட் இமேஜைப் பிரித்து, அதன் அடிப்படை முகவரி, பக்க அளவு, ராம்டிஸ்க் இடம் ஆகிய மதிப்புகளையே உங்கள் இமேஜுக்கும் கொடுங்கள். இன்னொரு போனின் மதிப்புகளை ஊகித்துப் போடாதீர்கள். கெர்னலோடு டிடிபி கோப்பு (வன்பொருள் விவரம்) சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இமேஜின் அளவு பூட் பார்ட்டிஷனை மீறுவதும் உண்டு.

சின்னம் வெகுநேரம் நின்று, பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் கெர்னல் ஓடத் தொடங்கிப் பாதியில் செத்திருக்கிறது. கன்சோல்-ராம்ஊப்ஸ் கோப்பின் கடைசி ஐம்பது வரிகளில் விடை இருக்கும். நான் அதிகம் பார்ப்பது எஃப்ஸ்டேப் கோப்பில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்ற பட்டியலில்) தவறான பார்ட்டிஷன் பாதை: சிஸ்டத்தையோ, வன்பொருள் கோப்புகள் உள்ள வெண்டாரையோ ஏற்ற முடியாமல், முதலில் ஓடும் நிரலான இனிட் கைவிட்டு ரிகவரிக்கே அனுப்பிவிடும். மிடோவில் ட்ரெபிள் வகை (வன்பொருள் கோப்புகளைத் தனியே பிரித்த) ரோம்கள் கஸ்ட் என்ற பழைய பார்ட்டிஷனையே வெண்டாராகப் பயன்படுத்துகின்றன. அப்படிப்பட்ட ரோமை ஏற்றுமுன் ரிகவரியும் அதை அறிந்ததாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு புதிய கெர்னலையும் எழுதிவிட்டுச் சோதிக்காமல், ஃபாஸ்ட்பூட் பூட் கட்டளையால் தற்காலிகமாக ஓட்டிப் பாருங்கள். பூட்லோடர் அதற்கு இடம் கொடுத்தால் தோல்விக்கு ஒரு மறுதொடக்கம் மட்டுமே விலை.

அறிகுறி 3: பூட் அனிமேஷன் முடிவின்றிச் சுழல்கிறது

போர்ட் செய்பவர்களின் காலம் அதிகம் கரைவது இங்கேதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

*முதலில் பொறுங்கள்.* பழைய போனில் முதல் பூட் 15 நிமிடம் வரை எடுக்கலாம். போன் இளஞ்சூடாக இருந்து, லாக்கேட்டில் வரிகள் முன்னேறிக்கொண்டே இருந்தால் அது வேலை செய்கிறது. ஒரே சில வரிகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால்தான் பிழை.

*டேட்டாவை ஃபார்மட் செய்தீர்களா?* ரிகவரியில் டேட்டாவை "வைப்" செய்வதும் "ஃபார்மட்" செய்வதும் வேறு. வைப் செய்தால் பழைய குறியாக்கம் அப்படியே இருக்கும். அசல் ரோமிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஃபார்மட்டே தேவை. உள் நினைவகத்தில் உள்ள படங்களும் அழியும் என்பதால் முன்பே நகலெடுங்கள். ஆண்ட்ராய்டு 13-இல் முழு வட்டுக் குறியாக்க ஆதரவு முற்றிலும் நீக்கப்பட்டது. பழைய எஃப்ஸ்டேப் வரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பயனில்லை. வரியையே மாற்ற வேண்டும்.

இவை இரண்டும் சரி என்றால் லாக்கேட்டில் கீழ்க்கண்டவற்றில் எது வருகிறது என்று பாருங்கள்.

*"கேனாட் லொகேட் சிம்பல்" என்ற வரி.* நிறுவனத்தின் மூடிய பைனரி (மூல நிரல் வெளியிடாத கோப்பு) ஒன்று, புதிய ஆண்ட்ராய்டில் இல்லாமற்போன செயற்கூறைத் தேடுகிறது. பைனரியைத் திருத்த முடியாது. அந்தச் செயற்கூறை மட்டும் கொண்ட ஷிம் நூலகம் ஒன்றை எழுதி இணையுங்கள். அதே சில்லுள்ள வேறொரு போனின் டிவைஸ் ட்ரீயில் (போனுக்குரிய அமைப்புக் கோப்புகளில்) யாராவது இதை ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். முதலில் அங்கே தேடுங்கள். எடுத்துக்கொண்டால் அவர் பெயரைக் கமிட்டில் (மாற்றப் பதிவில்) காப்பாற்றுங்கள். இந்தக் கூட்டு உழைப்பு இன்னும் உயிரோடு இருப்பது அந்த நாணயத்தால்தான்.

*ஒரு சேவைக்காக ஒவ்வொரு நொடியும் காத்திருப்பதாக வரும் வரி.* ஒரு ஹெச்ஏஎல் சேவை (ஆண்ட்ராய்டையும் வன்பொருளையும் இணைப்பது) எழவே இல்லை. வரியிலேயே சேவையின் பெயர் இருக்கும். மேனிஃபெஸ்ட் கோப்பில் (சேவைகளின் பட்டியலில்) அந்தப் பெயரும் பதிப்பும் இருக்கின்றனவா, அதற்கான பைனரி வெண்டாரில் இருக்கிறதா, அதைத் தொடங்கும் ஆர்சி கோப்பு இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். தேவையே இல்லாத வன்பொருளுக்கான சேவை என்றால் மேனிஃபெஸ்டிலிருந்து நீக்கினாலே போன் எழுந்துவிடும்.

*"ஏவிசி டினைட்" வரிகள்.* எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கிறது. கெர்னல் கட்டளை வரியில் பெர்மிசிவ் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்) என்று கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். யூசர்டீபக் தொகுப்பில் மட்டுமே இது செல்லும். அப்போது பூட் ஆனால் பிழை விதிகளில்தான். அப்போதும் ஆகவில்லை என்றால் அந்த வரிகளை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள். பெர்மிசிவ் நிலையிலேயே ரோமை வெளியிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழைய போனை வாங்கிப் பயன்படுத்துகிறவர் ரோமைத் தொகுத்தவரை நம்பித்தான் ஏற்றுகிறார். பூட்டாத கதவோடு வீட்டை அவர் கையில் கொடுக்கக் கூடாது.

*பிபிஎஃப் லோடர் தோல்வி.* ஆண்ட்ராய்டு 12 முதல் மேலே உள்ள பதிப்புகளை 3.18 கெர்னலில் ஓட்ட முயல்கிறவர்களுக்கு வருவது. அனிமேஷன் சிறிது நேரம் சுழன்று போன் தானே மறுதொடக்கம் ஆகும். மறுதொடக்கக் காரணத்திலேயே பிபிஎஃப் லோடர் பெயர் இருக்கும். இணையப் பயன்பாட்டைக் கணக்கிடவும் கட்டுப்படுத்தவும் புதிய ஆண்ட்ராய்டு ஈபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும்) வசதியை நம்பியிருக்கிறது. அதற்குத் தேவையானவை 4.9 கெர்னலில்தான் முழுமையாகக் கிடைக்கின்றன. லோடர் செத்தாலும் மறுதொடக்கம் ஆகாதபடி ஆர்சி கோப்பில் அந்த வரியை எடுத்துவிடலாம், போன் எழும். ஆனால் டேட்டாக் கணக்கும் செயலிகளின் பின்னணி இணையத் தடையும் ஒழுங்காக இயங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நேர்மையான வழி கெர்னலையே மாற்றுவது. 625-இன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் 632 போன்கள் 4.9 கெர்னலோடு வந்தன. அந்த மூல நிரலை எடுத்து உங்கள் போனின் திரை, தொடுதிரை, கேமரா டிரைவர்களை நகர்த்த வேண்டும். வாரக் கணக்கில் பிடிக்கும் வேலை அது. மிடோவுக்குச் சமூகத்தினர் இதைச் செய்தே முடித்திருக்கிறார்கள். உங்கள் போனுக்கு அப்படி யாரும் செய்யவில்லை, உங்களுக்கும் கெர்னல் வேலையில் பழக்கமில்லை என்றால் ஆண்ட்ராய்டு 11-இலேயே நின்றுகொள்ளுங்கள். எல்லாம் இயங்கும் 11, பாதி இயங்கும் 14-ஐவிட மேல்.

அறிகுறி 4: ஒலி வருகிறது, திரை கறுப்பு

ஏடிபி மூலம் ஒரு திரைப்பிடிப்பு எடுங்கள். வழி இங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

*திரைப்பிடிப்பில் படம் சரியாக இருந்தால்* ஆண்ட்ராய்டு வரைந்துகொண்டுதான் இருக்கிறது. இருட்டறையில் டார்ச் ஒளியைச் சாய்வாகத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் எரியவில்லை: லைட்ஸ் ஹெச்ஏஎல், அது எழுதும் கோப்பின் உரிமை, எஸ்இலினக்ஸ் முத்திரை ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் திரைப் பேனலுக்கான டிரைவர் கெர்னலில் இல்லை. ஒரே மாடலில் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பேனல்கள் இருப்பது வழக்கம். கடையில் மாற்றிய மலிவுத் திரை என்றால் அசல் கெர்னல் ஏற்றுக்கொண்ட அதைக் கஸ்டம் கெர்னல் ஏற்காமல் போகலாம். அசல் கெர்னலின் பூட் லாக்கில் பேனலின் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு உங்கள் கெர்னல் மூலத்தில் தேடுங்கள். படம் தெரிந்தும் தொடுதல் மட்டும் வேலை செய்யாதபோதும் இதே வழிதான்.

*திரைப்பிடிப்பும் கறுப்பு என்றால்* வரைகலைப் பைனரிகள் பொருந்தவில்லை. அட்ரினோ (குவால்காமின் வரைகலைச் சில்லு) பைனரிகளும் கெர்னலின் வரைகலை டிரைவரும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நூலகத்தை மட்டும் புதுப்பிக்காதீர்கள். தொகுப்பு முழுவதையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள்.

அசல் ரோமுக்குத் திரும்பியும் திரை கறுப்பாகவே இருந்தால் ரிப்பன் கேபிள் அல்லது திரை. அது கடைக்காரர் வேலை.

அறிகுறி 5: எல்லாம் ஓடுகிறது, சிம் மட்டும் தெரியவில்லை

எதையும் ஃபிளாஷ் செய்யுமுன் இரண்டைப் பாருங்கள்: அமைப்புகளில் பேஸ்பேண்ட் (மோடம் மென்பொருள்) பதிப்பு, *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்.

*பேஸ்பேண்ட் "தெரியாதது" என்று காட்டினால்* மோடம் ஃபர்ம்வேர் ஏறவில்லை, அல்லது ரோமுக்குப் பொருந்தாத பதிப்பு. ரோம் எந்த ஃபர்ம்வேரைக் கேட்கிறதோ அதை மட்டும் ஏற்றுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

*பேஸ்பேண்ட் இருந்து, ஐஎம்இஐ சரியாக இருந்து, சிம் மட்டும் இல்லை என்றால்* பிழை ரில் அடுக்கில் (ஆண்ட்ராய்டும் மோடமும் பேசும் இடத்தில்). சிம் தட்டை ஒருமுறை கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ரேடியோ லாக்கை எடுங்கள். ரில் சேவை செத்துச் செத்து எழுகிறதா, மேனிஃபெஸ்டில் ரேடியோ ஹெச்ஏஎல் பதிப்பு பைனரியோடு பொருந்துகிறதா, இரட்டைச் சிம் பண்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

*ஐஎம்இஐ 0 என்றோ வெறுமையாகவோ வந்தால்* கையை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் எடுத்து வைத்த மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி நகல்களை அதே போனில் திரும்ப எழுதுங்கள். நகல் இல்லை என்றால் அசல் ஃபர்ம்வேரை முழுதாக ஏற்றிப் பாருங்கள். மோடம்எஸ்டி பார்ட்டிஷன்களை அழித்தால் தானே மீளும் என்று சொல்வதைக் கேட்டு அழிக்காதீர்கள். எஃப்எஸ்ஜி-யில் நல்ல நகல் இருந்தால்தான் அது நடக்கும், இல்லையென்றால் மிச்சமிருந்ததும் போகும். இன்னொரு போனின் நகலை எழுதுவதும், கருவி கொண்டு வேறு எண்ணை எழுதுவதும் கூடவே கூடாது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அசல் ரோமிலும் எண் வராவிட்டால், வாங்கிய ரசீதோடும் பெட்டியோடும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குச் செல்லுங்கள்.

*சிம் தெரிகிறது, டேட்டா ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை.* ஜியோ சிம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே தெரியும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை; இந்தப் போன்களில் குரல் அழைப்பு முழுவதும் வோல்டியில்தான் (4ஜி வழி அழைப்பு). மற்ற நிறுவனங்களின் சிம்மில் அழைப்பின்போது 4ஜி மறைந்து 2ஜி வரும். அழைப்பு போய்விடும், அதனால் பிழை வெளியே தெரியாது. வோல்டியை இயக்கும் ஐஎம்எஸ் செயலியும் அதன் நூலகங்களும் மூடிய பைனரிகள். ஃபிரேம்வொர்க் பதிப்போடு இறுகப் பிணைந்தவை. அதே சில்லில் அதே ஆண்ட்ராய்டு பதிப்பு ஓடும் போனிலிருந்து முழுத் தொகுப்பாக எடுத்து, அனுமதிக் கோப்பில் செயலியின் பெயரைச் சேருங்கள். வோல்டி பொத்தானை மட்டும் காட்டவைக்கும் பண்பு வரி ஒன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. அது பொத்தானைத்தான் காட்டும். பதிவு நடந்ததா என்பதை அமைப்புகளின் சிம் நிலைப் பக்கத்தில் ஐஎம்எஸ் வரிதான் சொல்லும்.

அறிகுறி 6: வைஃபை பொத்தான் ஆன் ஆகாமல் திரும்பிவிடுகிறது

கெர்னலை மட்டும் மாற்றினீர்களா? அப்படியானால் வைஃபை மாட்யூல் (டிரைவர் கோப்பு) பழைய கெர்னலுக்குரியது. பதிப்புக் குறி பொருந்தாததால் கெர்னல் அதை ஏற்க மறுக்கிறது. கெர்னலும் மாட்யூலும் ஒரே தொகுப்பில் பிறந்தவையாக இருக்க வேண்டும். டிமெசேஜ் (கெர்னல்) லாக்கில் இது ஒரே வரியில் தெரியும்.

மாட்யூல் ஏறியும் வைஃபை இல்லை என்றால் ஃபர்ம்வேர் கோப்புகளும் என்வி அளவீட்டுக் கோப்பும் டிரைவர் தேடும் பாதையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெர்சிஸ்ட் பார்ட்டிஷன் ஏறாமல் இருந்தால் வைஃபையோடு சென்சார்களும் சேர்ந்து போயிருக்கும். திரை சுழலாமை, அழைப்பில் திரை அணையாமை ஆகியவையும் கூடவே இருந்தால் முதலில் பெர்சிஸ்டையும் அதன் எஸ்இலினக்ஸ் முத்திரையையும் சரிசெய்யுங்கள்.

அசல் ரோமிலும் வைஃபை, புளூடூத் இரண்டுமே சேர்ந்து செத்திருந்தால், அதிலும் போன் கீழே விழுந்த வரலாறு இருந்தால், சில்லின் சால்டர் விட்டிருக்கலாம். போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 7: கேமரா, கைரேகை

"கேமராவுடன் இணைக்க முடியவில்லை" என்று வந்தால் டார்ச் செயலி ஏதாவது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு லாக்கேட்டில் கேமரா சேவையின் வரிகள்: விடுபட்ட சிம்பல் என்றால் அறிகுறி 3-இல் சொன்ன ஷிம் வழி. பழைய போனின் கேமரா முதல் தலைமுறை ஹெச்ஏஎல்-இல் எழுதப்பட்டிருந்தால் புதிய ஆண்ட்ராய்டு அதைக் கைவிட்டுவிட்டது; கைவிட்ட பகுதிகளை மீண்டும் சேர்த்திருக்கும் ரோம் மூலத்தையே அடிப்படையாகத் தேர்ந்தெடுங்கள். படம் எடுக்கிறது, வீடியோ மட்டும் உறைகிறது என்றால் மீடியா கோடெக் கட்டமைப்புக் கோப்புகளைப் பாருங்கள்.

கைரேகைக்கு ஒன்றே சொல்வேன். மிடோவில் எஃப்பிசி, குடிக்ஸ் என இரண்டு வகை உணரிகள் உண்டு. ஒரு போனில் இயங்கும் ரோம் அடுத்த போனில் இயங்கவில்லை என்றால் ரோமைக் குறை சொல்லுமுன் உணரியின் வகையைப் பாருங்கள்.

அறிகுறி 8: நன்றாக ஓடி, திடீரென அணைகிறது

இங்கே ரோமைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சார்ஜரில் இருக்கும்போது மணிக்கணக்கில் ஓடி, கழற்றியதும் கேமரா திறந்தாலோ விளையாட்டு ஓடினாலோ அணைந்தால் அது பேட்டரி. 30 விழுக்காட்டில் அணைந்து, சார்ஜரை மாட்டியதும் வேறு எண் காட்டினாலும் பேட்டரியே. பின்மூடி உப்பியிருந்தால் சோதனை ஏதும் வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மாற்றக் கொடுங்கள்.

அடுத்து பவர் பட்டன். உள்ளே சிக்கிய பட்டன் பூட்லூப் (முடிவில்லா மறுதொடக்கம்) போலவே தோன்றும். நெக்ஸஸ் 5-இல் இது பெயர்பெற்ற கோளாறு. மறுதொடக்கம் எப்போதும் ஒரே இடைவெளியில், எந்தக் கட்டத்திலும், ரிகவரியிலும்கூட நடந்தால் பட்டனைப் பாருங்கள்.

ரிகவரியில் டேட்டாவை ஏற்ற முடியாமல், டிமெசேஜில் நினைவகச் சில்லின் பெயரோடு உள்ளீட்டுப் பிழை வரிகள் வந்தால் இஎம்எம்சி (அந்த நினைவகச் சில்லு) தேய்ந்துவிட்டது. ஃபார்மட் செய்தும் பழைய கோப்புகள் அப்படியே திரும்ப வருவது அதன் உறுதியான அடையாளம். மென்பொருளில் இதற்கு மருந்து கிடையாது. சில்லை மாற்ற ஆகும் செலவு பெரும்பாலும் போனின் விலையைத் தாண்டும். உள்ளே இருக்கும் படங்கள் முக்கியம் என்றால் மேலும் எதையும் எழுதாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

பேட்டரி, பட்டன், நினைவகம் மூன்றும் சரி என்றால் மட்டும் கன்சோல்-ராம்ஊப்ஸுக்குத் திரும்புங்கள். சிபியு வேகத்தைக் கூட்டிய கெர்னல், மின்னழுத்தம் குறைத்த கெர்னல் எதுவாக இருந்தாலும் அசல் மதிப்புகளுக்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி 9: ஊர்கிறது, சூடாகிறது

முதல் நாள் சூட்டைப் பொருட்படுத்தாதீர்கள். செயலிகள் பின்னணியில் தொகுக்கப்படும். மறுநாளும் தொடர்ந்தால், எந்தச் செயல் சிபியுவைத் தின்கிறது என்று டாப் கட்டளையில் பாருங்கள். செத்துச் செத்து எழும் ஹெச்ஏஎல் சேவை ஒன்று போதும், பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். தெர்மல் (சூட்டைக் கட்டுப்படுத்தும்) சேவை ஓடுகிறதா, அதன் கட்டமைப்புக் கோப்பு உங்கள் போனுக்குரியதா என்பதையும் பாருங்கள். இன்னொரு போனின் தெர்மல் கோப்பு ஒன்று ஊர வைக்கும் அல்லது சுட வைக்கும்.

2 ஜிபி ரேம் போனில் செயலிகள் மாறும்போதெல்லாம் மறுபடி தொடங்கினால் ஜெட்ரேம் (ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள், குறை ரேம் பண்பை இயக்குங்கள், ஆண்ட்ராய்டு கோ அமைப்பில் தொகுத்துப் பாருங்கள். நினைவகம் குறைந்தால் செயலிகளை மூடும் எல்எம்கேடி சேவை புதிய கெர்னலின் வசதியை எதிர்பார்க்கும், 3.18-இல் கெர்னலின் பழைய டிரைவரையே பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும்.

வங்கிச் செயலி திறக்கவில்லை என்பது பிழைப் பட்டியலில் சேராது. பூட்லோடர் திறந்த போனை அவை ஏற்க மறுப்பது வேண்டுமென்றே வைத்த காவல். பணப் பரிமாற்றத்துக்கு வேறு போன் வையுங்கள்.

அறிகுறி 10: எந்த அசைவும் இல்லை

சின்னம் இல்லை, அதிர்வு இல்லை, சார்ஜ் விளக்கு இல்லை. முதலில் வேறு கேபிள், வேறு சார்ஜரில் ஒரு மணி நேரம் விடுங்கள். முற்றிலும் வற்றிய பேட்டரியும் இப்படித்தான் தெரியும். பிறகு பவர் பட்டனை 30 நொடி அழுத்துங்கள்.

அப்போதும் இல்லை என்றால் கணினியில் மாட்டி, என்ன பெயரில் தெரிகிறது என்று பாருங்கள். குவால்காம் போன் 9008 என்ற எண்ணோடு தெரிந்தால் அது இடிஎல் (குவால்காமின் அவசர மீட்பு) நிலை: பூட்லோடர் கெட்டிருக்கிறது, சில்லு உயிரோடு இருக்கிறது. அந்த மாடலுக்கு நிறுவனம் கையெழுத்திட்ட ஃபயர்ஹோஸ் (நினைவகத்தில் எழுதும் நிரல்) கோப்பும் முழு ஃபர்ம்வேரும் இருந்தால் மீட்கலாம். சில நிறுவனங்கள் இதற்கு அங்கீகரித்த கணக்கு கேட்கின்றன. முகம் தெரியாத ஒருவருக்குத் தொலைநிலை அணுகலும் பணமும் கொடுப்பதற்குப் பதில் சேவை மையத்துக்கே கொடுங்கள். 2018 முதல் சில மாடல்களில் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவதைத் தடுக்கும் பாதுகாப்பும் உண்டு. அப்படிப்பட்ட போனில் பழைய பதிப்பை ஏற்றியதுதான் இந்த நிலைக்கே காரணமாகவும் இருக்கலாம்.

மீடியாடெக் போன் என்றால் எஸ்பி ஃபிளாஷ் டூல் வழியாக மீட்கலாம். "எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து ஏற்று" என்ற தெரிவை மட்டும் தொடாதீர்கள். ஐஎம்இஐ உள்ள என்விரேமும் சேர்ந்து அழியும். சாம்சங் என்றால் டவுன்லோட் நிலை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓடின் என்ற கணினிக் கருவி மூலம் அசல் ஃபர்ம்வேரை ஏற்றலாம்.

கணினியில் எந்தப் பெயரிலும் தெரியவில்லை என்றால் மிஞ்சுவது போர்டில் உள்ள டெஸ்ட் பாயின்ட் இணைப்பு, அல்லது நினைவகச் சில்லை நேரடியாக எழுதுவது. பின்மூடியைத் திறந்து இரண்டு புள்ளிகளைக் குறுக்கே இணைப்பது பார்க்க எளிதாக இருக்கும். பக்கத்தில் மின் இணைப்பு ஓடும் புள்ளியைத் தொட்டால் போர்டே போய்விடும். உருப்பெருக்கியும் போர்டு வரைபடமும் வைத்து வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கடைசியாக எந்தக் கோப்பை ஃபிளாஷ் செய்தீர்கள், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை ஒரு தாளில் எழுதி, நகலெடுத்த பார்ட்டிஷன் கோப்புகளையும் பென் டிரைவில் சேர்த்துக் கொடுங்கள்.